அரிசோனா, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் காரில் ஒரு சுற்று: நண்பர்களும் மியூசியங்களும்

முதன்முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில் கிளம்பி டூசான், பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ், ஆல்பகர்க்கி, சாண்டா ஃபே பார்த்துவிட்டு மறுபடி ஃபீனிக்ஸ் வரும் சுற்று இது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். கோடையில் ஃபீனிக்ஸில் 43 டிகிரி சாதாரணம்.

1. நண்பர்களின் தேதியை முதலில் வாங்குங்கள்

ஹோட்டல், மியூசியம் டிக்கெட் எல்லாம் அப்புறம். ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் சிப் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறைய. உங்களுக்கும் யாராவது தெரிந்திருக்கும். அவர்களுக்கு எந்த மாலை ஓய்வு என்று கேட்டு, அதைச் சுற்றி மற்றதை அடுக்குங்கள். மியூசியம் அடுத்த நாளும் அங்கேயேதான் இருக்கும். நண்பருக்குக் கிடைப்பது அந்த ஒரு மாலைதான்.

ஒன்றைக் கவனியுங்கள். நியூ மெக்சிகோவைப் போலக் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் பழக்கம் அரிசோனாவின் பெரும்பகுதியில் இல்லை. மார்ச் முதல் நவம்பர் வரை நியூ மெக்சிகோ ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். சாப்பாட்டு நேரம் சொல்லும்போது எந்த ஊர் நேரம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

2. காலையில் ஓட்டுங்கள், உச்சி வெயிலில் மியூசியம்

இதற்கு ஒரே விதிவிலக்கு டூசானின் அரிசோனா-சொனோரா பாலைவன மியூசியம். 1952 முதல் இருக்கும் இது பெரும்பாலும் திறந்தவெளி. விலங்குகள், கள்ளிச்செடிகள் எல்லாம் வெளியில்தான். அதனால் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள்.

ஃபீனிக்ஸில் ஹெர்ட் மியூசியத்தைத் தவறவிடாதீர்கள். 1929இல் தொடங்கியது. ஹோப்பி என்ற பூர்வகுடி மக்களின், ஆவிகளைக் குறிக்கும் கட்சினா பொம்மைகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், பூர்வகுடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்த வரலாறு சொல்லும் பகுதிக்கும் போங்கள். வெட்டப்பட்ட தலைமுடி, பறிக்கப்பட்ட மொழி, வீட்டை விட்டுப் போன பிள்ளைகள். அங்கே மெதுவாக நடங்கள்.

சாண்டா ஃபேயில் ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் பெயரிலுள்ள மியூசியம் பிரபலம். ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் சர்வதேச நாட்டுப்புறக் கலை மியூசியத்தைத்தான் சொல்வேன். அலெக்ஸாண்டர் ஜிரார்ட் என்ற வடிவமைப்பாளர் உலகமெங்கும் சேகரித்த 1,00,000க்கும் மேற்பட்ட பொருள்களை இதற்குக் கொடுத்தார். அதில் ஒரு பகுதியை அவரே குட்டிக் குட்டி ஊர்களாக, திருவிழாக்களாக அடுக்கி வைத்திருக்கிறார். நம் வீட்டுக் கொலுவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கிருந்து நகரவே மனம் வராது.

விடுமுறை நாள் ஒவ்வொரு மியூசியத்துக்கும் வேறு. கிளம்புமுன் இணையதளத்தில் பாருங்கள்.

3. காரைத் தயார் செய்யுங்கள்

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். பெட்ரோல் பாதி டாங்குக்குக் கீழே போகுமுன் நிரப்புங்கள். மேப்பை போனில் இறக்கி வையுங்கள், நடுவில் சிக்னல் இருக்காது. மெக்சிகோ நாட்டு எல்லைக்கு அருகே, குறிப்பாக லாஸ் குரூசஸுக்கு வடக்கே, சோதனைச் சாவடி உண்டு. பாஸ்போர்ட், விசா ஆவணங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

4. புழுதிப் புயல் வந்தால்

டூசானிலிருந்து லாஸ் குரூசஸ் போகும் ஐ-10 சாலையில், லார்ட்ஸ்பர்க் பக்கம் வறண்ட ஏரிப்படுகை இருக்கிறது. காற்று கிளம்பினால் கண்ணெதிரே எதுவும் தெரியாது. சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள். எல்லா விளக்குகளையும் அணையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுங்கள். பின்விளக்கு எரிந்தால், பின்னால் வருபவர் அதுதான் சாலை என்று நம்பி நேராக உங்கள் மேல் வந்து மோதுவார்.

5. உயரத்துக்குப் பழகுங்கள்

சாண்டா ஃபே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் மூச்சு வாங்கும், தலை வலிக்கலாம். தண்ணீர் குடித்து, நண்பர் வீட்டில் சீக்கிரம் தூங்குங்கள். குளிர்காலத்தில் அங்கே பனி பெய்யும். பாலைவனம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

6. திரும்பும் வழி

ஐ-40 வழியாக வாருங்கள். கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா சாலையிலேயே வரும். அந்த மரங்களுக்கு 20 கோடி வருடங்களுக்கு மேல் வயது. ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். நண்பர் வீட்டுக் குழந்தைகளுக்கு வேண்டுமென்றால் பூங்காவுக்கு வெளியே, தனியார் நிலத்தில் எடுத்த கல் ஹோல்புரூக் கடைகளில் கிடைக்கும்.