மலையூர்த் தீயணைப்புக் குழுவின் வரலாற்றை எழுதும் முறை

பழனி மலையின் மேல்மலை ஊர்களில் காட்டுத்தீயை அணைக்கத் தாமாகத் திரண்டு செல்லும் குழுக்களுக்குப் பெரும்பாலும் எழுதப்பட்ட வரலாறு கிடையாது. இரவெல்லாம் தீயை அடித்துவிட்டு வீடு திரும்புகிறவர் குறிப்பேடு எழுத உட்காருவதில்லை. ஆகவே அவ்வரலாற்றை எழுத முனைகிறவர், குழு தொடங்கிய நாளைத் தேடாமல், அது அணைத்த தீக்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு தொடங்குவதே நல்லது. பதிவுச் சான்றிதழ் இருந்தாலும், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அலுவலகத்தில் பதிவான நாளை மட்டுமே அது காட்டும். அதற்குப் பல கோடைகளுக்கு முன்பே அதே ஆட்கள் இளைஞர் மன்றமாகவோ கோயில் கமிட்டியாகவோ மலையேறியிருக்கக்கூடும். தவிரவும், முதல் தலைவர் யார் என்ற கேள்வியை எடுத்த எடுப்பிலேயே கேட்டால் ஊரில் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள்.

பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்பதைவிட, அந்தத் தீயை ஒட்டி ஊரில் வேறென்ன நடந்தது என்று கேளுங்கள். கொடைக்கானல் பகுதியில் குறிஞ்சி பெருமளவில் பூத்த 2006, 2018 ஆகிய ஆண்டுகளும், கஜா புயல் மரங்களைச் சாய்த்த 2018 நவம்பரும், மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமான 1985-உம் பலருக்கு நினைவிருக்கும். “குறிஞ்சி பூப்பதற்கு முந்தின கோடை” என்று ஒருவர் சொன்னால் எந்தச் சரிவில் பூத்தது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாச் சரிவுகளிலும் குறிஞ்சி ஒரே ஆண்டில் பூப்பதில்லை. தேர்த் திருவிழாவுக்கு முன்பா பின்பா, பூண்டு எடுத்தாகிவிட்டதா என்று கேட்டால் மாதமும் தெரிந்துவிடும்.

இவ்வாறு கிடைத்த காலத்தைச் செயற்கைக்கோள் பதிவுகளோடு ஒப்பிடலாம். நாசாவின் மோடிஸ் கருவி 2000 முதலும், அதைவிட நுட்பமான வியர்ஸ் கருவி 2012 முதலும் கண்டறிந்த வெப்பப் புள்ளிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிறிய தீயும், சில மணி நேரத்தில் அணைக்கப்பட்ட தீயும் அவற்றில் பதிவாகாமல் போகக்கூடும் என்பதால், புள்ளி இல்லை என்பதற்காக ஒருவரின் சொல்லைத் தள்ளிவிடக் கூடாது. விரைந்து அணைத்த குழுவுக்குத்தான் சான்று குறைவாக இருக்கும் என்பது இந்த வேலையில் உள்ள ஒரு வினோதம். வனத்துறையிடம் உள்ள தீ விபத்து அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுப் பெற முயலலாம். 1985-க்கு முந்தைய மாவட்ட நிர்வாகக் கோப்புகளை மதுரையிலும், ஆங்கிலேயர் காலத்து வனக் கோப்புகளைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும்.

குழுவின் கணக்கு நோட்டு கிடைத்தால் அதைவிடப் பெரிய ஆவணம் வேறில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1736-இல் பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் தொடங்கிய தன்னார்வத் தீயணைப்புக் குழுவில், மாதக் கூட்டத்துக்கு வராதவர்கள் கட்டிய சிறு அபராதத்தைக் கொண்டே தீயணைப்பு இயந்திரமும் ஏணிகளும் வாங்கினார்கள். நம் ஊர் நோட்டிலும் டார்ச் லைட் பேட்டரி, அரிவாள் சாணை, ஜீப் வாடகை, தேநீர்ச் செலவு என்று எழுதப்பட்ட வரிகளே எந்த இரவில் எத்தனை பேர் போனார்கள் என்பதைக் காட்டும். மேடைப் பேச்சையும் பொன்னாடை போர்த்திய படத்தையும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

நேர்காணலில் “எப்படி இருந்தது” என்று கேட்டால் வீரக்கதைதான் வரும். எந்தத் தடம் வழியாக ஏறினீர்கள், காற்று எந்தப் பக்கம் வீசியது, எந்த மரத்துப் பச்சைக் கிளையை ஒடித்து அடித்தீர்கள், தீத்தடுப்புக் கோடு எங்கே வெட்டினீர்கள், வரும் தீக்குத் தீனி இல்லாதபடி அதன் முன்னாலுள்ள புல்லையும் சருகையும் தாமே எரித்துவிடும் எதிர்த்தீயை வைத்தது யார் முடிவு, புகையும் கட்டைகள் மீண்டும் பற்றாமலிருக்க இரவில் யார் காவல் இருந்தார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். தண்ணீரும் கஞ்சியும் சுமந்து வந்த பெண்களையும், தடம் காட்டிய பளியர் பழங்குடியினரையும் அவர்கள் வீட்டிலேயே சந்தித்துக் கேட்க வேண்டும். குழுவின் புகைப்படங்களில் இவர்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். எரிந்தது என்ன என்பதையும் விடக் கூடாது. புல்வெளியாக இருந்த சரிவுகள் பல சீகை (வாட்டில் மரம்), தைலமரம், பைன் தோட்டங்களாக மாறியதால், புல் தீக்குப் பழகிய கைகள் உதிர்ந்த சருகுக்குள் கனலும் தீயை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்த பிறகு, காட்டுக்குள் செல்வதைப் பற்றிக் குழுவின் எண்ணம் மாறியதா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

தீயை வைத்தவர் யார் என்ற பேச்சு கட்டாயம் வரும். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம் என்பதால், ஊர்ப் பேச்சை நம்பி எவர் பெயரையும் அச்சில் ஏற்றக் கூடாது. தீக்காயம் பட்டவர்களின் பெயரையும் அவர்களுடைய சம்மதம் இல்லாமல் போட வேண்டாம். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டினால் பிழைகள் அங்கேயே திருத்தப்பட்டுவிடும்; ஒரே தீயைப் பற்றி இருவர் வேறுவேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதிவிடலாம். நோட்டின் நகலையும் ஒலிப்பதிவுகளையும் ஊர்ப் பள்ளியிலும் கிளை நூலகத்திலும் ஒவ்வொரு படி கொடுத்து வையுங்கள்.