கோழித்தோல் கைக்கு உரஞ்சல் மருந்தில்லை

பள்ளிக்கூடத்தில எனக்கு ‘அன்னமுன்னா’ எண்டு சொரசொரத்த பழத்தின்ர பேரில பட்டம். மேல்கை ரெண்டும் அரிசிக்குறுணி ஒட்டினமாதிரிச் சொரசொர எண்டு இருக்கும். அம்மம்மா அதை ஊத்தை எண்டே நம்பினா. வெள்ளவத்தைச் சந்தையில தும்பு வாங்கி வந்து, கடலைமா பூசி உரஞ்சோ உரஞ்செண்டு உரஞ்சுவா. குறுணி போகேல்லை. பொட்டுப்பொட்டாக் கறுத்ததுதான் மிச்சம். எங்கட நிறத்துத் தோலில அந்தக் கறுப்பு மாதக்கணக்கில கிடக்கும். நகத்தால கிள்ளினாலும் அப்பிடித்தான்.

இதுக்குப் பேர் கெரடோசிஸ் பிலாரிஸ். கெரட்டின் எண்ட தோல் புரதம் மயிர்க்கால் வாயை அடைச்சுக்கொண்டு நிக்கிறது, அவ்வளவுதான். தொற்றாது. பரம்பரையில வரும், அம்மாவின்ர தொடையிலயும் இருக்கு. கனபேருக்கு வயசு போகப்போகக் குறையும்.

அடைப்பை உரஞ்சி எடுக்கேலாது, இளக்கத்தான் வேணும். நான் செய்யிறது இதுதான்: கொதிதண்ணி இல்லை, பத்து நிமிசத்துக்குள்ள குளிப்பு, வாசமில்லாத மெல்லிய சவர்க்காரம். துவாயால ஒத்தி எடுத்து, ஈரம் காயமுதல் யூரியா கிறீம். பாமசியில பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ. 10 வீதத்தில தொடங்கி, எரிவு இல்லாட்டில் 20க்குப் போகலாம். லக்டிக் அசிட் 12 வீத லோஷனும் நல்லது, ஆனா ரெண்டையும் ஒரே நாளில தொடங்காதேங்கோ. ஷேவ் பண்ணின அண்டைக்குப் பூசினா உயிர் போற எரிவு, அனுபவத்தில சொல்லுறன். லக்டிக் அசிட் பூசிற ஆக்கள் காலி வீதி வெயிலுக்குக் கையை மூடுங்கோ, இல்லாட்டில் சன்ஸ்கிறீன் போடுங்கோ. தேங்காயெண்ணெய் தோலின்ர ஈரத்தைக் காக்கும், அடைப்பைக் கரைக்காது.

தோல் காஞ்சால் குறுணி கூடும். வேர்த்தொழுகிற கொழும்பில தோல் எப்பிடிக் காயும் எண்டு கேப்பீங்கள். கோட்டையில ஒன்பது மணித்தியாலம் ஏசிக்குள்ள இருந்து பாருங்கோ! அலுவலக லாச்சியிலயும் ஒரு டியூப் வைச்சிருக்கிறன்.

கடும் அரிப்பு, நோ, சீழ் இருந்தா அது வேற சங்கதியா இருக்கலாம். தோல் டொக்டரிட்டக் காட்டுங்கோ. ரெட்டினோயிட் (விற்றமின் A வகை) கிறீமும் அவர் எழுதித் தந்தால் மட்டும்தான். பிள்ளைத்தாச்சியள் அதைத் தொடவே கூடாது.

நாலு, ஆறு கிழமை பொறுக்கவேணும். எனக்கு அஞ்சாவது கிழமைதான் கை வழுக்கத் தொடங்கினது. ‘மாறீட்டுது’ எண்டு விட்டன். அடுத்த மாசமே அன்னமுன்னா திரும்பி வந்திட்டுது. இப்ப கிழமையில மூண்டு நாள், விடுறதில்லை.