சந்தேகப்படுகிறவரிடம் பேசும்போது செய்யக்கூடாதவை

"கடவுள் இருக்காருன்னு எப்படிச் சொல்றீங்க?" காரைக்குடியில் வேதியியல் படிக்கும் மாணவர் இதைக் கேட்கலாம். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த தேவகோட்டை இளைஞரும் கேட்கலாம். கேள்வி ஒன்றுதான், கேட்பதன் காரணம் வேறு. அதை விசாரிக்காமல் பதிலை ஆரம்பிப்பதுதான் கிறிஸ்தவர்களான நம்மவர்கள் செய்யும் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. "எப்பயிருந்து தம்பி இப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பதில் ஒரு மரணத்திலோ சபையில் பட்ட அவமானத்திலோ தொடங்கினால் அது காயம். வகுப்பில் கேட்டதிலோ படித்ததிலோ தொடங்கினால் அது வாதம்.

காயத்துக்கு வாதம் மருந்தாகாது. "தேவ சித்தம்", "உன் விசுவாசம் போதலை" என்ற இரண்டையும் துக்க வீட்டில் சொல்லவே கூடாது. இரண்டாவது கொடுமையானது, அம்மா பிழைக்காமல் போனதற்குப் பழியைப் பிள்ளையின் தலையில் போடுகிறது. வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தவறினார்கள்; அவர்கள் பேசியது சரியில்லை என்று யோபு 42:7இல் கர்த்தரே சொல்கிறார். ஆகவே உறவெல்லாம் ஊர் திரும்பிய பிறகு போங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வசனத்தால் வாயை அடைப்பது அடுத்த தவறு. "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்ற சங்கீதம் 14:1ஐ எடுத்து வீசுகிறவர்கள் 4ஆம் வசனம்வரை படிப்பதில்லை. அங்கே பேசப்படுகிறவர்கள் ஜனங்களை அப்பம்போல விழுங்கும் அக்கிரமக்காரர்கள்; நேர்மையாகக் கேள்வி கேட்கும் கல்லூரிப் பிள்ளை அல்ல. இயேசு எப்படி நடந்தார் என்று பாருங்கள். காவலில் இருந்த யோவான்ஸ்நானகன், "வருகிறவர் நீர்தானா?", அதாவது மேசியா நீர்தானா என்று ஆளனுப்பிக் கேட்டார். குருடர் பார்ப்பதையும் சப்பாணிகள் நடப்பதையும் போய்ச் சொல்லுங்கள் என்று இயேசு பதில் அனுப்பினார். அதோடு, அதே யோவானை ஜனங்கள் முன்னால் புகழ்ந்தார் (மத்தேயு 11). கேட்டதற்காக அவரை மட்டம் தட்டவில்லை.

வாதத்தில் சறுக்குவது பெரும்பாலும் தாங்காத ஆதாரத்தால். நம் பக்கத்திலிருந்து ஓரியூருக்குப் போய்வருகிறவர்கள், அங்குள்ள செம்மணலை, அங்கே இரத்தசாட்சியாக மரித்த குருவானவர் அருளானந்தரின் இரத்தத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். பக்தியோடு போற்றுவது வேறு, சந்தேகப்படுகிறவரிடம் அதைச் சான்றாக நீட்டுவது வேறு. தூத்துக்குடித் தேரிக்காட்டு மணலும் சிவப்புத்தான், அதற்கு இரும்பு ஆக்சைடுதான் காரணம் என்று அவர் சொன்னால், நீங்கள் அடுத்துச் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார். உறுதியானதைச் சொல்லுங்கள்: 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் அங்கே கொல்லப்பட்டார், அதற்குமுன் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அதுவும் அவருடைய விசுவாசம் எவ்வளவு மெய்யானது என்பதைத்தான் காட்டும். அந்த விசுவாசம் உண்மையா என்பது தனிக் கேள்வி, இரண்டையும் குழப்பாதீர்கள்.

தெரியாததைச் சமாளிப்பதும் இதே ரகம். மாற்கு 16:9-20 மிகப் பழைய பிரதிகளில் இல்லையாமே என்று கேட்டால் மழுப்பாதீர்கள். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் எனப்படும் கையெழுத்துப் பிரதிகளில் அந்தப் பகுதி இல்லை என்பது உண்மை. கல்லறை வெறுமையாயிருந்ததும் அவர் உயிர்த்தெழுந்தார் என்ற அறிவிப்பும் 16:1-8லேயே இருக்கின்றன என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், "அண்ணே, இது எனக்குத் தெரியலை. படிச்சிட்டு வெள்ளிக்கிழமை வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வெள்ளிக்கிழமை போகவும் வேண்டும்.

1 பேதுரு 3:15 உத்தரவு (அதாவது பதில்) சொல்லச் சொல்வது "விசாரித்துக் கேட்கிற" யாவருக்கும், அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும். கேட்காதவரிடம், அதிலும் பங்காளிகள் கூடியிருக்கும் கல்யாண வீட்டு வளவில், விவாதம் தொடங்காதீர்கள். நாலு பேர் முன்னால் தோற்க யாருக்கும் மனம் வராது. திண்ணையில் இருவர் மட்டும் பேசினால் அவருக்கும் யோசிக்க இடம் இருக்கும். பணமோ மருத்துவ உதவியோ கொடுத்த கையோடு கைப்பிரதியும் நீட்டாதீர்கள். உதவிக்கு விலை கேட்பதாகவே படும்.

பிரசாதத்தில் பல வீடுகளில் உறவே முறிகிறது. பிள்ளையார்பட்டிக் கொழுக்கட்டையை அடுத்த வீட்டு ஆச்சி நீட்டும்போது முகம் சுளிப்பதும், அங்கேயே விக்கிரகப் பிரசங்கம் செய்வதும் தவறு. படைத்தது என்று ஒருவர் அறிவித்தால் சாப்பிட வேண்டாம் என்றுதான் 1 கொரிந்தியர் 10:28 சொல்கிறது, அவமதிக்கச் சொல்லவில்லை. "நாங்க இது சாப்பிடுறதில்லை ஆச்சி, ஒரு காப்பி கொடுங்க" என்று உட்கார்ந்து, குடித்துவிட்டு வாருங்கள்.