பழைய ஜீப்புக்கு வேறு என்ஜின்: முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு அடிவாரத்தில் பழைய ஜீப் வைத்திருக்கும் யாரிடமாவது பேசிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பேச்சு என்ஜினுக்கு வந்துவிடும். "வண்டி இழுக்கல, வேற என்ஜின் போட்டுடலாம்னு இருக்கேன்." இதை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் உண்டு. பழம் பறிக்கும் மாதங்களில் மூட்டையும் ஆட்களும் ஏற்றி இறக்குவது ஒரு எம்.எம்.540, மஹிந்திராவின் பழைய டீசல் ஜீப். அதை வைத்துக் கற்றுக்கொண்டதையும், நண்பர்களின் வண்டிகளில் பார்த்ததையும் எழுதுகிறேன். மாற்றவே கூடாது என்பது என் கட்சி அல்ல. மாற்றிய பிறகு வருந்துகிறவர்களைப் பார்க்கும்போது, முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது. அதனால்தான் இது.

முதல் தவறு: குற்றவாளி என்ஜின்தான் என்று முடிவு கட்டுவது

ஒரு வருடம் எங்கள் ஜீப் ஏழெட்டு வளைவு ஏறியதுமே திணற ஆரம்பித்தது. கரும்புகை வேறு. காட்டிய முதல் பட்டறையில், "இந்த என்ஜின் முடிஞ்சுதுங்க, டர்போ ஒண்ணு போட்டுக்கலாம்" என்றார்கள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ சேர்ந்த என்ஜினைச் சொன்னார்கள். கையில் பணம் இருந்திருந்தால் அன்றே போட்டிருப்பேன். இரண்டு மாதம் தள்ளிப்போனது நல்லதாகப் போயிற்று. அதற்குள் இன்னொரு பெரியவர் பானெட்டைத் திறந்து, என்னை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, டீசல் பம்பின் லீவரைப் பார்த்தார். லீவர் கடைசி ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. கேபிள் நீண்டுபோயிருந்தது. ஏர் ஃபில்டர் கிண்ணத்தில் ஆயில் சேறாக உறைந்திருந்தது. முன் சக்கரம் ஒன்றில் பிரேக் பிடித்தபடியே இருந்தது. மூன்றையும் சரிசெய்து, டீசலைப் பீய்ச்சும் நாசில்களைச் சோதித்துப் போட்ட பிறகு, அதே என்ஜின் அதே மூட்டைகளோடு ஏறியது.

ஆகவே முதலில் இவற்றைப் பாருங்கள். லீவர் முழுக்கத் திறக்கிறதா? வண்டியை ஜாக்கியில் தூக்கினால் நான்கு சக்கரமும் கையால் தள்ளிச் சுற்றுகின்றனவா? ஏற்றத்தில் என்ஜின் சத்தம் கூடி, வேகம் மட்டும் கூடவில்லையா? அப்படியென்றால் வழுக்குவது கிளட்ச் பிளேட். டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது? பம்ப் டைமிங், அதாவது டீசல் பாயும் நேரம், சரியா? இவ்வளவும் பார்த்த பிறகு, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் என்ஜின் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒன்று மட்டும் தனியாக விழுந்திருந்தால் அங்கே வேலை இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியை என்ஜின் ஓடும்போதே திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கிறதா? நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். அப்போது பிஸ்டன் ரிங், லைனர் (சிலிண்டரின் உள் உறை) பக்கம் கவனம் போகவேண்டும். புகையின் நிறமும் பேசும். கறுப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் வெள்ளை வந்தால் எரியாத டீசலோ, உள்ளே கசியும் தண்ணீரோ.

மலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் 1,600-ஐத் தாண்டும். 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத என்ஜின் எதுவானாலும் கிட்டத்தட்ட அந்த அளவு பலம் இழக்கும். புது என்ஜினானாலும் இழக்கும். டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும் என்பது உண்மை. டர்போ கேட்பவர்களின் பக்கம் இருக்கும் உருப்படியான நியாயம் இதுதான்.

டயரை மாற்றிவிட்டு என்ஜினைத் திட்டுவது

இது இளைஞர்களிடம் அதிகம். பழைய ஜீப்புக்கு வந்தது 6.00-16 டயர், உயரம் சுமார் 28 அங்குலம். பார்க்க நன்றாக இருக்கும் என்று 31 அங்குல டயர் போடுகிறார்கள். சக்கரம் ஏறத்தாழ பத்து சதவீதம் பெரிதாகிவிட்டது. எல்லா கியரும் அதே அளவு 'உயர்ந்து'விட்டது என்று பொருள். முன்பு இரண்டாவது கியரில் ஏறிய வளைவுக்கு இப்போது முதல் கியர் கேட்கும். உயரத்தில் 15, டயரில் 10. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த என்ஜின் மேல் கோபம் வராது. பழைய அளவு டயருக்குத் திரும்புவது, அல்லது அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கர விகிதத்தைத் தாழ்த்துவது, என்ஜின் மாற்றுவதைவிடப் பல மடங்கு மலிவு.

குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது

மாருதி ஜிப்ஸியின் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வகையில் வந்த 1,298 சிசி பெட்ரோல் என்ஜின் 80 குதிரைத்திறன். பழைய மஹிந்திரா தார் டி.ஐ.யின் 2,523 சிசி டீசல் 63 மட்டுமே. எண்ணைப் பார்த்தால் ஜிப்ஸி ஜெயிக்கும். ஆனால் முறுக்குவிசையை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலத்தை, பாருங்கள். ஜிப்ஸிக்கு 103 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 4,500 சுற்றில். டி.ஐ.க்கு 182.5, அது 1,500 முதல் 1,800 சுற்றுக்குள்ளேயே வந்துவிடுகிறது. காபித் தோட்டத்துக் கல் பாதையில் ஆள் நடக்கும் வேகத்தில் பாரம் இழுப்பவருக்கு வேண்டியது இரண்டாவது வகை பலம். ஜிப்ஸி எடை குறைந்த வண்டி, அதனால் அது தன் வழியில் நன்றாகவே ஏறும். அதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தோடு, எந்தப் பாதையில் போகிறீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு என்ஜினைத் தேடுங்கள்.

அப்புறம், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கம்பியைத் தொடாமலே வண்டி இழுக்கவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் அச்சுகளுக்குப் பலத்தைப் பிரிக்கும் பெட்டி) லோ போட்டால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு சுமார் இரண்டரை மடங்கு ஆகும். மண், கல், ஈரப் புல் இருக்கும் பாதையில் அதைப் பயன்படுத்துங்கள். தார் ரோட்டுக் கொண்டை ஊசி வளைவில் மட்டும் நாலு வீலைப் போட்டுத் திருப்பாதீர்கள். முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிராஸும் (ஷாஃப்டின் முனையில் உள்ள மூட்டு) கியர்களும் தேயும்.

என்ஜின் விலையை மொத்தச் செலவு என்று நினைப்பது

இங்கேதான் பலர் பாதியில் நிற்கிறார்கள். நல்ல விலைக்கு ஒரு டர்போ டீசல் கிடைக்கும், வாங்கி வைப்பார்கள். அதன்பிறகு ஒவ்வொன்றாக வரும். என்ஜின் மவுண்ட் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய கியர் பாக்ஸ் பழைய முறுக்குக்காகச் செய்தது. இரண்டு மடங்கு முறுக்கைக் கொடுத்தால் முதலில் கிளட்ச், அடுத்து கியர், அடுத்து பின் அச்சு என்று பலவீனமான இடம் தேடி உடையும். கியர் பாக்ஸையும் சேர்த்து மாற்றினால் நீளம் மாறும், அச்சுக்குப் பலத்தைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்ட வேண்டும், அதன் சாய்வுக் கோணம் தப்பினால் கிராஸ் அடிக்கடி போகும். எடை கூடிய என்ஜினுக்கு முன் கமான்பட்டை தாழும். குழியில் இறங்கும்போது முன் அச்சின் நடுவில் இருக்கும் டிஃப்ரன்ஷியல் மேலே வந்து, என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் சம்ப்பில் (ஆயில் தொட்டி) இடிக்கும். ஓட்டை விழுந்த சம்ப்போடு வாழவந்தி பக்கம் நின்ற ஒரு ஜீப்பை நான் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறேன்.

ரேடியேட்டரையும் மறந்துவிடாதீர்கள். நெடுஞ்சாலையில் காற்று தானாக அடிக்கும். மலைப்பாதையில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் முழு பாரத்தோடு ஏறும்போது விசிறிதான் எல்லாம். விசிறியைச் சுற்றியிருக்கும் கூடு பல பழைய ஜீப்புகளில் எப்போதோ கழன்று காணாமல் போயிருக்கும். அது இல்லாமல் பெரிய என்ஜின் போட்டால் வண்டி பாதி மலையில் கொதிக்கும்.

இறங்குவதைப் பற்றி யோசிக்காமல் விடுவது

என் மனதில் இருப்பதிலேயே பெரிய தவறு இது. எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டையோடு இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஜீப்புகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பெரிய என்ஜின், கூடுதல் எடை, கூடுதல் வேகம் என்று ஏற்றிவிட்டு பிரேக்கை அப்படியே விட்டால், சூடேறிய டிரம் பாதி மலையில் கைவிடும். என்ஜின் மாற்றும் பட்ஜெட்டில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்குக்கு இடமில்லை என்றால், அந்தத் திட்டம் இன்னும் முடியவில்லை என்றே நான் சொல்வேன்.

பெட்ரோல் வண்டிக்கு டீசல் என்ஜின் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்கு வேண்டிய வேக்யூம் (வெற்றிடம்) பெட்ரோல் என்ஜின் காற்றை இழுக்கும் மேனிஃபோல்டு குழாயிலிருந்து கிடைக்கிறது. டீசலில் அது கிடையாது, தனி வேக்யூம் பம்ப் வேண்டும், பெரும்பாலும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே வரும். அந்தக் குழாயை ஒழுங்காக இணைக்காமல், "பிரேக் கொஞ்சம் கட்டியா இருக்கும், பழகிடும்" என்று சொல்லி வண்டியைக் கையில் கொடுத்த பட்டறை எனக்குத் தெரியும். அந்த வண்டியை மலையில் ஓட்டாதீர்கள்.

ஆர்சி புத்தகத்தைக் கடைசியில் எடுப்பது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த நிறுவனம் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின் கீழ், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பழுதான என்ஜினுக்குப் பதிலாக அதே வகை என்ஜினை அனுமதி பெற்றுப் போட்டு, புது எண்ணை ஆர்சியில் ஏற்றுவது ஒரு விஷயம். வேறு நிறுவனத்தின், வேறு சிசி என்ஜின் போடுவது முற்றிலும் வேறு விஷயம். பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயரும் பார்ப்பார். எண் ஒத்துப்போகவில்லை என்றால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடமுண்டு.

எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே என்ஜினுக்கு முன்பணம் கொடுங்கள். ஏற்கெனவே மாற்றப்பட்ட ஜீப்பை வாங்குகிறவர்கள் ஆர்சியில் எரிபொருள் என்ன, சிசி என்ன என்று பார்த்துவிட்டு பானெட்டைத் திறந்து ஒப்பிடுங்கள். புத்தகத்தில் பெட்ரோல், உள்ளே டீசல் என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஐம்பது வருடம் தாண்டிய பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021-இல் வந்த வின்டேஜ் வாகன விதி, என்ஜின், சேஸிஸ், பாடி பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால்தான் அந்தப் பதிவைத் தரும். அன்றாட ஓட்டத்துக்கு அந்தப் பதிவு உதவாது, கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கே. ஆனாலும் தாத்தா காலத்து வண்டியை அப்படியே வைத்திருக்க நினைப்பவர் என்ஜினைக் கழற்றும்முன் இதை யோசிக்க வேண்டும்.

ஓடிப் பார்க்காத என்ஜினை வாங்குவது

தரையில் கிடக்கும் என்ஜின் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வண்டியில் இருக்கும்போதே, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். பில்லும் பழைய வண்டியின் காகிதமும் இல்லாமல் வாங்காதீர்கள். டீசல் பாய்வதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரயில் என்ஜின் என்றால் இ.சி.யூ. (அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி), முழு வயரிங், சாவி, ஆக்சிலரேட்டர் பெடல் வரை ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மாதக்கணக்கில் அலைவீர்கள். மேலே மழையில் ஒரு சென்சார் போனால், ஸ்பேனர் மட்டும் வைத்திருக்கும் எஸ்டேட் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய பம்ப் டீசலை அவர் மரத்தடியிலேயே ஓட வைத்துவிடுவார்.

சரி, எப்போது மாற்றலாம்? பிளாக் வெடித்திருந்தால், லைனர் போடும் அளவுக்குக்கூடத் தேறாது என்று லேத்தில் சொன்னால், உதிரிப் பாகம் கிடைக்காமல் வண்டி மாதக்கணக்கில் நின்றால், மாற்றுங்கள். அப்போதும் அதே மாடலுக்குத் தயாரிப்பாளரே கொடுத்த என்ஜினை முதலில் தேடுங்கள். மற்றபடி போரிங், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், பேரிங், பம்ப் என்று முழு வேலை செய்வதே எங்கள் மலைக்குப் போதும். எங்கள் ஜீப்புக்கும் கடைசியில் அதைத்தான் செய்தோம்.

மாற்றியே தீர்வது என்று முடிவானால், கழற்றிய பழைய என்ஜினைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்சியில் இருக்கும் எண் அதன்மேல்தான் அடித்திருக்கிறது. புது எண் புத்தகத்தில் ஏறும்வரையாவது, துளைகளை அடைத்து, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, தார்ப்பாய் சுற்றி, மண்ணில் படாமல் பலகைமேல் வையுங்கள். ஏற்காட்டு மழைக்காலத்தின் ஈரம் ஒரே வருடத்தில் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.