பட்டியலில் பெயர், கையில் நகல்: மலையூர்களில் மக்களாட்சியைக் காக்கும் முறை

இலங்கையில் 1947ஆம் ஆண்டு நடந்த தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும் அவர்களுடைய வாக்குரிமையைப் பறித்தன; 1952 தேர்தலில் அவர்களால் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. அவர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள வழிசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறி வந்து, நீலகிரியில் டான்டீ எனப்படும் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவன் நான். சர்வாதிகாரம் என்ற சொல்லைக் கேட்டதும் என் மனத்தில் முதலில் எழுவது, பெயர்கள் அடிக்கப்பட்ட ஒரு பட்டியலின் உருவந்தான்.

ஆகவே மக்களாட்சியைக் காக்க நினைப்பவர்களின் முதல் வேலை வாக்காளர் பட்டியலைப் பார்ப்பது. அடையாள அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்களிக்க இயலாது என்பதைப் பலர் வாக்குச்சாவடிக்குப் போன பிறகே அறிகிறார்கள். பட்டியல் திருத்தம் அறிவிக்கப்பட்டவுடன் உங்கள் வாக்குச்சாவடிக்குரிய பாகத்தின் வரைவுப் பட்டியலைத் தேர்தல் துறையின் இணையதளத்திலிருந்து எடுத்து அச்சிட்டு, ஒரு லைனுக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, ஒருவர் வீதம் பொறுப்பேற்று, வீடு வீடாகப் பெயர்களைச் சரிபார்க்க வேண்டும். தோட்டக் குடியிருப்புகளில் பகலில் எல்லோரும் கொழுந்து பறிக்கப் போய்விடுவதால் கதவு பூட்டியிருக்கும். பூட்டிய வீடு ‘இடம்பெயர்ந்தவர்’ என்ற குறிப்பாக மாறிவிட வாய்ப்பு உண்டு. மாலையில் இலை நிறுத்து முடிந்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வரும்படி, பட்டியலைச் சரிபார்க்க வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலரான பி.எல்.ஓ.விடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது இதற்கு எளிய தீர்வு. வேலைக்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் போயிருப்பவர்கள், பணி ஓய்வு பெற்று லைன் வீட்டைக் காலி செய்தவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு அவர்களுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும்.

புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8, ஒரு பெயரை நீக்கக் கோருவதற்குப் படிவம் 7. எதைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. உங்கள் பெயருக்கு எதிராகப் படிவம் 7 வந்திருந்தால், வாக்காளர் பதிவு அலுவலர் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பி விசாரித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அவருடைய முடிவு பாதகமாக இருந்தால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் தீர்வு கிடைக்காவிட்டால் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். பீகாரில் 2025ஆம் ஆண்டு வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, அப்பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 14 அன்று உத்தரவிட்டது. ஏன் நீக்கினீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்தது கிராம சபை. நீலகிரியில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி தொடக்கத்தில் முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போனபோது, ஊரில் மக்களின் கையில் மிஞ்சியது கிராம சபை ஒன்றுதான். வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள்; அதற்குப் பதவிக்காலம் என்பதே கிடையாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் அது கூட வேண்டும். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று 2013ஆம் ஆண்டு 12 கிராம சபைகளிடம் கேட்கப்பட்டபோது, பன்னிரண்டும் வேண்டாம் என்று தீர்மானித்தன, சுரங்கம் வரவில்லை. இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் நம் மலையிலும், வன உரிமைச் சட்டத்தின்கீழ் உரிமைக் கோரிக்கைகளைப் பெற்றுச் சரிபார்க்கும் பணி கிராம சபையிலிருந்தே தொடங்குகிறது.

ஆனால் கூட்டத்துக்குப் போவது பாதி வேலைதான். ஒருமுறை எங்கள் பகுதி ஊராட்சி ஒன்றில், லைன் வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு மழையில் நனைந்தபடி கை உயர்த்தி ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். பின்னர் நகல் வாங்கிப் பார்த்தபோது அது ‘குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிக் கிடந்தது. பிழை எங்களுடையதும்தான், ஏனெனில் வந்தவுடனேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு, தீர்மானப் புத்தகத்தை யாரும் திறந்துகூடப் பார்க்காமல் கலைந்துவிட்டோம். அன்றுமுதல் நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். பேச வேண்டிய பொருளைச் சில நாட்களுக்கு முன்பே தீர்மான வடிவில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்கிறோம். கூட்டத்தில் தீர்மானம் எண்ணுடன் எழுதப்பட்டு, உரக்கப் படிக்கப்பட்ட பிறகே கையெழுத்திடுகிறோம். கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால், அதில் குறுக்குக் கோடு போடச் சொல்லி, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்கிறோம். முதல் முறை கேட்டபோது முகம் சுளித்தவர்கள், மூன்றாம் கூட்டத்தில் தாங்களாகவே கோடு இழுத்தார்கள். தனியொருவர் கேட்டால் வம்பு என்று தோன்றும். பத்துப் பெண்கள் சேர்ந்து கேட்டால் அது ஊர் வழக்கமாகிவிடும்.

நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் அது தகவலே அல்ல என்று தட்டிக்கழிக்க இடமுண்டு; ‘இன்ன தேதியில் நடந்த கிராம சபையின் தீர்மான நகல்’ என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

இப்படிக் கேட்பவர்களைக் காவல் நிலையத்துக்கு அழைத்து மிரட்டும் நிலையும் வரலாம். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதை அரசமைப்பின் 22ஆம் கூறு உறுதிசெய்கிறது. இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதிவையுங்கள்.

நம் மலையில் காகிதத்துக்குப் பெரும் பகை ஈரம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அலமாரிக்குள் இருப்பதுகூடப் பூஞ்சணம் பூத்துவிடும். ஆகவே ஒப்புகைச் சீட்டு, தீர்மான நகல், தபால் ரசீது எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் இட்டு, வெயில் காணும் நாட்களில் எடுத்து உலர்த்தி, இன்னொரு பிரதியை வேறொரு வீட்டிலும் வைக்க வேண்டும். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் பாட்டிக்குக் கொடுத்த குடும்ப அட்டை மடிப்புகளில் கிழிந்து, பெயர் மட்டும் படிக்கும்படியாக இருக்கிறது, பி.எல்.ஓ. கையெழுத்திட்ட சீட்டுகளை நான் அதன் மேல்தான் அடுக்கி வைத்திருக்கிறேன்.