முதல் புள்ளியியல் தாளைப் படிக்கும் முறை

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் புள்ளியியலையே முதன்மைப் பாடமாக எடுப்பவர்கள் குறைவு. கணிதம், கணினி அறிவியல், பொருளியல், வணிகவியல், உளவியல் என்று வேறொன்றில் சேர்ந்துவிட்டு, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் துணைப்பாடமாகப் புள்ளியியலும் நிகழ்தகவும் கலந்த தாள் ஒன்றைச் சந்திப்பவர்களே மிகுதி. இக்கட்டுரை அவர்களுக்கானது. இந்தத் தாளில் மதிப்பெண்கள் பறிபோவது பெரும்பாலும் கணக்குப் போடுமிடத்தில் அன்று. வினாவின் வாசகத்தைப் படிக்குமிடத்தில்தான் என்பது என் கருத்து. சூத்திரத்தில் எண்களைப் பொருத்துவதற்கு முன் ஒரு வாக்கியமும், விடை வந்த பின் ஒரு வாக்கியமும் எழுதுகிற பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திக்கொண்டால் பருவத்தின் பிற்பாதி பெரிதும் எளிதாகிவிடும். அதை எப்படிச் செய்வது என்பதே கீழே வருவதன் சாரம்.

எளிய வாரங்களை வீணாக்காதீர்கள்

முதல் அலகில் கூட்டுச்சராசரி, இடைநிலை, முகடு, திட்ட விலக்கம் என்று பள்ளியில் பார்த்தவையே மீண்டும் வருவதால், 'இவ்வளவுதானா' என்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்த வாரங்களில் கிடைக்கும் ஓய்வைப் பின்னால் தேவைப்படும் கருவிகளைத் தீட்டிக்கொள்ளச் செலவிடுவது நல்லது. கூட்டல் குறியான சிக்மாவைப் பிரித்து எழுதுவது, சேர்வுகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுவது, கணங்களின் சேர்ப்பும் வெட்டும், நேர்கோட்டின் சாய்வு ஆகிய நான்கும் கைவந்தால் போதும். மேல்நிலையில் கணிதம் படிக்காமல் வணிகவியல் பிரிவிலிருந்து வந்தவர்கள்கூட இவற்றை ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பள்ளியில் 'விலக்க வர்க்கச் சராசரி' என்று அறிந்தது கல்லூரியில் 'வேரியன்ஸ்' என்றும், 'ஒட்டுறவு' என்று அறிந்தது 'கோரிலேஷன்' என்றும் வந்து நிற்கும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பெயர்களையும் எதிரெதிரே எழுதிவைத்து, அருகிலேயே ஒரு சிறு எண் உதாரணத்தையும் சேர்த்துக்கொண்டால் அகராதியைத் தேடும் நேரம் மிஞ்சும்.

கணிப்பானைப் பழகுவதும் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியதே. மாணவர்கள் கைகளில் அதிகம் காணப்படும் கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் கணிப்பானில் மோட் விசையை அழுத்தி 2-ஐத் தேர்ந்தால் திட்ட விலக்க நிலைக்குச் செல்லும். ஒவ்வோர் எண்ணையும் தட்டிய பின் எம் பிளஸ் விசையை அழுத்த வேண்டும். திரையில் எண்ணிக்கை ஒன்றொன்றாக ஏறும். முந்தைய கணக்கின் தரவை அழிக்காமல் புதிய கணக்கைத் தொடங்கினால் பழைய எண்களின் மேலேயே புதியவையும் சேர்ந்துகொள்ளும் என்பதால், தொடங்கும் முன் ஷிஃப்ட், மோட், 1, சமக்குறி என்ற வரிசையில் அழுத்தி நினைவகத்தைக் காலி செய்துவிட வேண்டும். ஐந்து எண்களை உள்ளிட்டிருக்கும்போது திரை 11 என்று காட்டினால் விடையைப் பார்க்கவே வேண்டாம்.

அதே கணிப்பான் திட்ட விலக்கத்துக்கு இரண்டு விடைகளைத் தரும். 4, 6, 8, 10, 12 என்ற எண்களை எடுத்துக்கொள்வோம். சராசரி 8, விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 40. அதை எண்ணிக்கையான 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 2.83, ஒன்று குறைத்து 4-ஆல் வகுத்தால் 3.16. கையிலுள்ள எண்களே முழுமைத்தொகுதி என்றால் முதல் விடை பொருந்தும். அவை ஒரு பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி, அதைக்கொண்டு தொகுதியின் விலக்கத்தை மதிப்பிட வேண்டும் என்றால் இரண்டாவது பொருந்தும். விவரணைப் புள்ளியியல் அலகில் பெரும்பாலும் முதலாவதையும், சிறு மாதிரிச் சோதனைகளில் இரண்டாவதையும் எதிர்பார்ப்பார்கள். எந்த அலகில் எது வேண்டும் என்று ஆசிரியரிடம் நேரடியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்க வேண்டிய கேள்வியன்று இது.

நிகழ்தகவில் நேரம் செலவிடுங்கள்

தாளின் நடுப்பகுதியான நிகழ்தகவில் இடறியவர்களுக்குப் பின்னால் வரும் பரவல்களும் சோதனைகளும் வெறும் சடங்காகிவிடும். ஆகவே மொத்த நேரத்தில் பெரும்பங்கை இங்கே ஒதுக்கத் தயங்க வேண்டாம். முதலில், நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலான கூறுவெளியை எழுதாமல் எந்தக் கணக்கையும் தொடங்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கூறுவெளி மிகப் பெரிதென்றால் அதன் முதல் சில உறுப்புகளையாவது எழுதுங்கள்.

மாணவர்கள் அதிகம் குழப்பிக்கொள்ளும் இணை, ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளும் (சேர்ந்து நிகழ முடியாதவை) சார்பிலா நிகழ்ச்சிகளும் (ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாதவை; சேர்ந்து நிகழும் நிகழ்தகவு தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கலாக இருக்கும்). இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் எப்படியோ வந்துவிடுகிறது. ஒரு பகடையை ஒரே ஒரு முறை உருட்டுவதாகக் கொள்வோம். இரட்டைப்படை எண் விழுவது 'அ' என்ற நிகழ்ச்சி. அதன் நிகழ்தகவு 1/2. ஒன்றோ இரண்டோ விழுவது 'ஆ'. அதன் நிகழ்தகவு 1/3. இரண்டும் சேர்ந்து நிகழ இரண்டு விழ வேண்டும். அதன் நிகழ்தகவு 1/6. 1/2-ஐயும் 1/3-ஐயும் பெருக்கினாலும் 1/6 வருவதால் ஒரே உருட்டலைப் பற்றிய இவ்விரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகள். இப்போது 'ஆ'வைச் சற்று மாற்றி, மூன்றோ அதற்குக் குறைவான எண்ணோ விழுவது என்று வைத்தால் அதன் நிகழ்தகவு 1/2 ஆகிறது. பெருக்கல் 1/4 தருகிறது. ஆனால் சேர்ந்து நிகழ்வது அப்போதும் 1/6 தான். சார்பின்மை போய்விட்டது. இரட்டைப்படை, ஒற்றைப்படை என்று ஒன்றையொன்று விலக்குபவற்றை எடுத்தால், ஒன்று நடந்ததென்று தெரிந்தவுடன் மற்றது நடக்கவே இல்லை என்பது உறுதியாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய சார்பு வேறென்ன இருக்க முடியும்? இந்த மூன்று வரிக் கணக்கை நீங்களே ஒருமுறை எழுதிப் பார்த்தால் வரையறையைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் பயன் அதிகம்.

அடுத்தது, 'குறைந்தது ஒன்று' என்ற சொற்றொடர். வினாவில் இது தென்பட்டால் எதிர்நிகழ்ச்சியின், அதாவது ஒன்றுகூட நிகழாததன், நிகழ்தகவைக் கணக்கிட்டு ஒன்றிலிருந்து கழிப்பதே பெரும்பாலும் குறுக்குவழி. 1654-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் நிகழ்தகவு பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்ட காலத்தில், டி மேரே என்ற சூதாட்டப் பிரியரோடு சேர்த்துப் பேசப்பட்ட புதிர் இதற்கு நல்ல பயிற்சி. ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் குறைந்தது ஓர் ஆறு விழும் நிகழ்தகவு 0.518, இரண்டு பகடைகளைச் சேர்த்து இருபத்துநான்கு முறை உருட்டினால் குறைந்தது ஓர் இரட்டை ஆறு விழும் நிகழ்தகவு 0.491. விகிதப்படி இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று உள்ளுணர்வு சொல்கிறது. உண்மையில் ஒன்று பாதிக்கு மேலும் மற்றது பாதிக்குக் கீழும் நிற்கின்றன. எக்செலிலோ, இலவசமாகக் கிடைக்கும் ஆர் மென்பொருளிலோ பகடைகளைச் சில ஆயிரம் முறை உருட்டவைத்து இவ்வெண்களைச் சோதித்துப் பாருங்கள்.

விளைவைக் கண்ட பின் அதன் காரணத்தின் நிகழ்தகவைக் கணக்கிடும் பேயஸ் தேற்றத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம்: நிகழ்தகவுகளைப் பொருள்களின் எண்ணிக்கையாக மாற்றிவிடுங்கள். ஒரு தொழிற்சாலையின் மொத்த உற்பத்தியில் மூன்று இயந்திரங்களின் பங்கு முறையே 50, 30, 20 சதவீதம். அவற்றில் பழுதாகும் பொருள்கள் முறையே 2, 3, 5 சதவீதம். பழுதான ஒரு பொருள் கையில் கிடைத்தால் அது மூன்றாம் இயந்திரத்திலிருந்து வந்திருக்கும் நிகழ்தகவு என்ன? பத்தாயிரம் பொருள்கள் செய்யப்பட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் இயந்திரம் 5,000 செய்து 100-ஐப் பழுதாக்குகிறது; இரண்டாவது 3,000 செய்து 90-ஐ; மூன்றாவது 2,000 செய்து 100-ஐ. பழுது மொத்தம் 290. அதில் மூன்றாம் இயந்திரத்தினுடையவை 100. ஆக விடை 100/290, ஏறக்குறைய 0.345. உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் தரும் இயந்திரம் பழுதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகிறது என்ற செய்தி இங்கே கண்முன் தெரிகிறது. தேர்வில் சூத்திர வடிவில்தான் எழுத வேண்டும். எனினும் இப்படி ஓரத்தில் போட்டுப் பார்த்த விடையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஒவ்வொரு விளைவுக்கும் எவ்வளவு நிகழ்தகவு என்று காட்டும் பரவல்களில் வாசகமே வழிகாட்டி. முயற்சிகளின் எண்ணிக்கை முன்பே நிலையானது, ஒவ்வொன்றிலும் இரண்டே விளைவுகள், வெற்றியின் நிகழ்தகவு மாறாதது, முயற்சிகள் ஒன்றையொன்று சாராதவை என்ற நான்கும் இருந்தால் ஈருறுப்புப் பரவல். 'ஒரு மணி நேரத்தில் சராசரியாக மூன்று அழைப்புகள்', 'ஒரு பக்கத்தில் சராசரியாக இரண்டு பிழைகள்' என்று சராசரி மட்டும் தரப்பட்டு, எத்தனையில் எத்தனை என்பது சொல்லப்படாதிருந்தால் பெரும்பாலும் பாய்சான் பரவல். இயல்நிலைப் பரவலுக்கு மணி வடிவ வளைவை வரைந்து, கேட்கப்படும் பகுதியை நிழலிட்ட பிறகே அட்டவணையைத் திறக்க வேண்டும். அட்டவணைகளில் இரண்டு வகை உண்டு. இசட் மதிப்பு (சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி என்பது) 1.00-க்கு எதிரே 0.3413 என்றிருந்தால் அது நடுவிலிருந்து அளந்த பரப்பு, 0.8413 என்றிருந்தால் இடது கோடியிலிருந்து அளந்தது. தேர்வறையில் வேறு வகை அட்டவணையைக் கொடுத்துவிட்டால் திகைக்காமல் இந்த ஒரு மதிப்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைகளை வாக்கியங்களாக எழுதுங்கள்

கருதுகோள் சோதனையில் எந்தச் சூத்திரம் என்பதைவிட, என்ன கருதுகோள் என்பதே முக்கியம். பால் பாக்கெட்டில் 500 மில்லி இருப்பதாக அச்சிட்டிருக்கிறது. 36 பாக்கெட்டுகளை அளந்ததில் சராசரி 497 மில்லி, திட்ட விலக்கம் 9 மில்லி என்று வைப்போம். திட்டப் பிழை, அதாவது மாதிரிச் சராசரியின் திட்ட விலக்கம், 9-ஐ 36-இன் வர்க்கமூலமான 6-ஆல் வகுக்க 1.5, இசட் மதிப்பு −2. இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுவார்கள். இயந்திரம் நிரப்பும் அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று ஆலையின் மேற்பார்வையாளர் கேட்டால் அது இருமுனைச் சோதனை. 5 சதவீத முக்கியத்துவ மட்டத்தில் (உண்மையான கருதுகோளைத் தவறாக நிராகரிக்க நாம் ஏற்கும் வாய்ப்பு) எல்லை 1.96 என்பதால், சராசரி 500 மில்லிதான் என்ற இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. 1 சதவீத மட்டத்தில் எல்லை 2.58 என்பதால் நிராகரிக்கப்படுவதில்லை. அளவு குறைகிறதோ என்று வாங்குபவர் கேட்டால் அது ஒருமுனைச் சோதனை. 5 சதவீதத்துக்கு எல்லை −1.645; −2 அதையும் தாண்டுகிறது. ஒரே தரவு, ஒரே இசட் மதிப்பு. எல்லையோ கேள்வியையும் முக்கியத்துவ மட்டத்தையும் பொறுத்து மாறுகிறது; அதோடு முடிவும் மாறக்கூடும். இவை இரண்டையும் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

விடைத்தாளில் கடைசி வாக்கியம் 'நிராகரிக்கப்படுகிறது' என்பதோடு நின்றுவிடக் கூடாது. '5 சதவீத மட்டத்தில், பாக்கெட்டுகளின் சராசரி அளவு 500 மில்லியிலிருந்து வேறுபடுகிறது என்பதற்கு இம்மாதிரி சான்று தருகிறது' என்று பாலைப் பற்றியே எழுதுங்கள். நிராகரிக்க முடியாதபோது 'இன்மைக் கருதுகோள் உண்மை' என்று எழுதுவது தவறு. போதிய சான்று இல்லை என்பதே சரி. கணினி தரும் பி மதிப்பிலும் இதே கவனம் வேண்டும். மேற்கண்ட இருமுனைச் சோதனையில் அது ஏறத்தாழ 0.046. இன்மைக் கருதுகோள் சரியென்றால் இவ்வளவோ இதைவிடவோ விலகிய மாதிரி கிடைக்கும் வாய்ப்பை அது சொல்கிறது. இன்மைக் கருதுகோள் சரியாக இருக்கும் வாய்ப்பை அது சொல்வதில்லை.

மாதிரி சிறிதாகி, தொகுதியின் திட்ட விலக்கமும் தெரியாதபோது டி சோதனை வருகிறது. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய கோசெட், 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டது அது. சில மாதிரிகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டிய ஆலைத் தேவையிலிருந்து பிறந்தது என்பதை நினைவில் வைத்தால் எப்போது பயன்படுத்துவது என்ற ஐயம் எழாது.

ஒட்டுறவும், புள்ளிகளுக்குப் பொருத்தமான கோட்டைக் காணும் தொடர்புப்போக்கும் ('ரிக்ரஷன்') கணக்களவில் எளியவை. ஒரு நிபந்தனை மட்டும்: கெழுவைக் கணக்கிடும் முன் புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்துவிடுங்கள். புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973-இல் வெளியிட்ட நான்கு சிறு தரவுத்தொகுதிகளை இணையத்தில் எடுத்து நீங்களே வரைந்து பாருங்கள். நான்கிலும் சராசரிகள், ஒட்டுறவுக் கெழு 0.816, தொடர்புப்போக்குக் கோடு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே; படங்களோ ஒன்றில் சிதறிய நேர்கோடு, ஒன்றில் வளைவு, மற்ற இரண்டில் ஒற்றைப் புள்ளி கோட்டையே இழுத்துச் செல்லும் நிலை.

தேர்வுக்கு முன்

பழைய வினாத்தாள்களைத் தீர்ப்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. அதைச் சற்று மாற்றிச் செய்யலாம். ஐந்தாறு தாள்களை எடுத்து, எந்தக் கணக்கையும் போடாமல், ஒவ்வொரு வினாவுக்கும் எது சமவாய்ப்பு மாறி (தற்செயலாக மாறும் எண்), எந்தப் பரவல் அல்லது சோதனை, ஏன் என்று மட்டும் ஒரு வரியில் எழுதிக்கொண்டே போங்கள். அலகு வாரியாகப் பயிற்சி செய்யும்போது எந்தச் சூத்திரம் என்பதை அலகின் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் அந்த உதவி கிடையாது. எந்த வரியை எழுத முடியவில்லையோ அந்தப் பகுதிக்கு மட்டும் திரும்பிப் போய் முழுக் கணக்கையும் போட்டால் கடைசி வாரத்தில் நேரம் வீணாகாது. தேர்வறைக்குப் புள்ளியியல் அட்டவணையை நீங்கள் கொண்டுபோக வேண்டுமா, அங்கே தருவார்களா, கணிப்பானில் எந்த வகையை அனுமதிப்பார்கள் என்பவற்றைத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்; இவை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும்.