கருப்பு பானட்டில் ராயபுரம் ஸ்டேஷன்: மங்கலாக விழுந்த பிம்பத்தைச் சரிசெய்தது

1856-ல் திறந்த சென்னை ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனின் முகப்புத் தூண்களின் பிம்பம், கருப்பு கார் பானட்டில் அத்தனை அழகாக விழும். ஆனால் என் படங்களில் தூசி துல்லியமாகவும் தூண்கள் மங்கலாகவும்தான் வந்தன. ஆட்டோஃபோகஸ் பெயின்ட்டின் மேல் இருக்கும் தூசியைப் பிடித்துக்கொள்கிறது; பிம்பமோ பெயின்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

ஃபோகஸ் செய்ய வேண்டிய தூரத்துக்கு, சமதளக் கண்ணாடி என்றால் கேமரா–கார் தூரத்தோடு கார்–கட்டடம் தூரத்தைக் கூட்டினால் போதும். பானட் வெளிப்பக்கம் வளைந்தது, அதனால் பிம்பம் அதைவிடக் கிட்டத்திலேயே நிற்கும். கணக்கை விட்டுவிட்டு, லைவ் வியூவை (கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியை) 10 மடங்கு பெரிதாக்கி, தூணின் விளிம்பைப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்தேன். இன்னொரு சிக்கல்: வளைவு இரண்டு திசையிலும் ஒன்றுபோல இல்லாததால் தூண் தெளிவானால் கூரைக்கோடு மங்கும். லென்ஸின் துவாரத்தை (அபர்ச்சர்) எஃப்/8-க்கு மூடினால் இரண்டும் சேரும். இன்னும் சிறிய துவாரமான எஃப்/16 வரை போகாதீர்கள், தூசியும் திரும்பத் தெளிவாகிவிடும்.

லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டரைப் பிம்பம் மறையும்வரை திருப்பி, அங்கிருந்து 90 டிகிரி நகர்த்துங்கள். பிம்பம் பளிச்சென்று எழும். கருப்பு கார் கேமராவின் ஒளி மீட்டரை ஏமாற்றி, படத்தை அதிக வெளிச்சமாக்கிவிடும். வானம் வெளுக்காமலிருக்க ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைத்தேன்.

துறைமுகப் பக்கத்துத் தூசியை உலர்துணியால் துடைக்கவே கூடாது, வட்டவட்டமாகக் கீறல் விழும். முதலில் நிறையத் தண்ணீர், பிறகு மைக்ரோஃபைபர்.